‘மெதுவா’ என்று எழுதினேன்

சித்தூர் மாவட்டத்தின் தலைசிறந்த சமகாலச் செவ்வியல் இசையமைப்பாளர் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. மாவட்டத்தில் வேறு ஆள் இல்லை. பிறகு அரசாங்கம் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதியைத் தனி மாவட்டமாக்கியது. நான் குடியிருப்பது திருப்பதியில். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பது சித்தூரில். ஒரு ஸ்வரம்கூடக் கூடுதலாக எழுதாமல் ஒரே நாளில் இரண்டு மாவட்டங்களுக்கும் முதல்வனாகிவிட்டேன்.

முதல்வனாக இருப்பது சுலபம், தொழில் என்ன என்று விளக்குவதுதான் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே பேருந்து பிடித்துச் சித்தூருக்குப் போவேன். ஒருமுறை பக்கத்து இருக்கையில் புத்தலப்பட்டில் இறங்கவேண்டிய விவசாயி ஒருவர், சாருக்கு என்ன வேலை என்று விசாரித்தார். ஆர்கன் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. தக்காளிச் செடியில் இலை சுருண்டுகொள்கிறதே, அதற்கு ஆர்கானிக்கில் என்ன மருந்து என்று கேட்டார். நான் திருத்தியிருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு மரியாதையோடு என் தொழிலைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை. வேப்பெண்ணெய் என்று சொல்லிவைத்தேன். அடுத்த மாதம் அதே பேருந்தில் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, இலை நிமிர்ந்துவிட்டது என்றார். என் படைப்புகள் எதற்கும் அப்படியொரு விமர்சனம் வந்ததில்லை.

திருப்பதியில் வேறு மாதிரிச் சங்கடம். முப்பது வயதிலேயே என் தலைமுடி என்னிடம் விடைபெற்றுக்கொண்டது. மற்ற ஊர்களில் வழுக்கைக்கு வழுக்கை என்றுதான் பெயர். இங்கே அது நேற்று மலையில் செலுத்திய காணிக்கை. திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோவில் ஏறினால் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, “தர்சனம் பாக அயிந்தா சாமி?” என்பார். நல்லபடியாக ஆனது என்று சொல்லிவிடுவேன். நான் கிறிஸ்தவன், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன், இது என் அப்பா வழியில் வந்த வழுக்கை என்று எட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஆட்டோவில் சொல்லி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

அரக்கோணத்தில் இருந்த எங்களை ஆந்திராவுக்கு இழுத்துவந்தது என் கலை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இழுத்துவந்தது என் மனைவியின் வேலை. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாள். நான் பின்னாலேயே வந்து, திருப்பதியில் ஒரு பள்ளியில் மேற்கத்திய சங்கீத ஆசிரியராகச் சேர்ந்துகொண்டேன். வீட்டில் புதிதாக எதையாவது வாசித்துக் காட்டினால் முழுக்கக் கேட்டுவிட்டுத் தொழிற்சாலைத் தீர்ப்பையே சொல்வாள்: பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இரண்டு பாஸ் வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்று நான் வைத்த ரசம்.

சித்தூர் தேவாலயத்தில் இருப்பது படங்களில் பார்க்கிற, சுவர் முழுக்கக் குழாய் வைத்த ஆர்கன் அல்ல. இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதித்துத் துருத்திக்குக் காற்று ஏற்றவேண்டிய பெடல் ஆர்கன். சபையில் அதற்குப் ‘பொட்டி’ என்று பெயர். மிதிப்பதை நிறுத்தினால் இரண்டு மூன்று நொடியில் சத்தம் இளைத்துச் செத்துப்போகும். ஆராதனை முடிந்து நான் இறங்கி நடக்கும்போது இரண்டு மணி நேரம் சைக்கிள் ஓட்டியவன் மாதிரி நடப்பேன். வாசிக்கும்போது சபைக்கும் பாடகர் குழுவுக்கும் என் முதுகுதான் தெரியும் என்பதால், பழைய ஸ்கூட்டர் கண்ணாடி ஒன்றைப் பொட்டியின் தலையில் பொருத்தியிருக்கிறேன். அதில் பாடகர்கள் இருக்கிற தூரத்தைவிடத் தள்ளியே தெரிவார்கள். சில ஞாயிறுகளில் அது நிம்மதி.

காலை ஏழு மணிக்குத் தமிழ் ஆராதனை, ஒன்பதரைக்குத் தெலுங்கு ஆராதனை. இரண்டுக்கும் தனித்தனிப் பாடகர் குழு. பொட்டி ஒன்று, கால்கள் என்னுடையவை.

கீதங்கள் வாசிப்பதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நன்றாகவே வாசிப்பேன், அதைச் சபையே சொல்லும். ஆனால் என் கட்டிலுக்கடியில் ஒரு சூட்கேஸ் இருக்கிறது. அது நிறைய நான் எழுதிய இசை. வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்பி, மிக அழகான ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவிக்கப்பட்டுத் திரும்பி வந்தவை. பெரும்பாலானவை பாடகர் குழுவுக்காக எழுதியவை. தாளில் இருக்கிறவரை இசை என்பது பழைய பேப்பர்தான். வாயால் பாடினால்தான் அது உயிர்பெறும். என் இசையை ஒரே ஒரு மனிதத் தொண்டைகூட அதுவரை பாடியதில்லை. வேடிக்கையாக எவ்வளவோ பேசுவேன், இதைப் பற்றி மட்டும் வீட்டில்கூடப் பேசமாட்டேன்.

அதனால் கடத்தலில் இறங்கினேன். காணிக்கை எடுக்கும் நேரத்தில் பை வரிசை வரிசையாகச் சுற்றிவரும், ஆர்கனில் ஏதாவது மென்மையாக ஒலித்துக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒரு ஞாயிறு அந்த இடைவெளியில் என்னுடைய மூன்று நிமிடப் படைப்பு ஒன்றை நுழைத்தேன். என் இசையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒன்றாக அழுத்துவேன். இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். பாகற்காய் பிடித்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சபை என்னை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று ஒரு வாரம் மிதந்தேன். மறு வாரமும் வாசித்தேன். அதற்கடுத்த ஞாயிறு போனால், வேலூரிலிருந்து ஓர் ஆள் வந்து பொட்டியின் பின்பலகையைக் கழற்றித் தரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கூட்டிவந்தவர் எங்கள் சபையின் செயலாளர். பக்கத்தில் ஒரு மண்டல அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பொட்டி இரண்டு வாரமாக ஏதோ முனகுகிறது என்று அவரிடம் நான்கைந்து குடும்பங்கள் புகார் கொடுத்திருந்தன. வேலூர்க்காரர் உள்ளே சத்தம் எழுப்பும் ரீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊதிப் பார்த்தார், துடைத்தார், திரும்பச் செருகினார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“பொட்டில ஒரு கோளாறும் இல்ல சார். வாசிக்கிறது யாரு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

செயலாளரிடம் எதுவானாலும் ‘அர்ஜி’ கொடுக்கவேண்டும். மின்விசிறி கழன்று தலையில் விழுந்தாலும் எழுத்தில் மனு இருந்தால்தான் நகர்வார். இனிமேல் கடத்தல் வேண்டாம், நேர்வழியிலேயே போவோம் என்று ஒரு அர்ஜி எழுதினேன். வரப்போகும் அறுப்பின் பண்டிகையில், அதாவது அறுவடைக்கு நன்றி சொல்லும் விழாவில், இரண்டு பாடகர் குழுக்களும் சேர்ந்து பாட என் சொந்தப் படைப்பு ஒன்றுக்கு அனுமதி வேண்டும் என்று. கமிட்டி கூடிப் பேசியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் செயலாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“இதோ பாரு மாஸ்டர். நீ கீதம் வாசிச்சா சபையே கண்ண மூடிக்கினு பாடுது. சொந்த சரக்க எட்த்தா கண்ண தொறந்துக்கினு ஒருத்தர ஒருத்தர் பாக்குது. ஒரே ஒரு வாட்டி. பண்டிகையில பாடட்டும். சபை மூஞ்ச சுளிச்சா அதோட சரி. அப்பறம் உன் காலு மிதிக்கிற வரிக்கும் கீதம்தான். சம்மதமா?”

சம்மதம் என்றேன். அவர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி என் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார். பேருந்தில் திரும்பிவரும்போதுதான் உறைத்தது. எனக்குக் கிடைத்திருந்தது அனுமதி மட்டுமல்ல. என் இசைக்கு ஒரே ஒரு நாள், அதுவும் ஏழெட்டு நிமிடம். அது தவறினால் சூட்கேஸைக் கட்டிலுக்கடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட வேண்டியதுதான்.

பயந்தேன் என்று நினைக்காதீர்கள். எனக்குத் தன்னம்பிக்கை அதிகம்; காரணம் இருக்கும்போது கொஞ்சம் குறையும், இல்லாதபோது பொங்கும். நான்கே வார்த்தையில் பாட்டை எழுதினேன்: மண்ணே, மழையே, கதிரே, கையே. ஒவ்வொரு வார்த்தையும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி. மண்ணும் மழையும் பலத்த குரலில். மூன்றாவது பகுதியான கதிருக்கு வரும்போது எல்லோரும் சட்டென்று குரலைத் தணித்து, காற்றில் நெல் அசைவதுபோலப் பாடவேண்டும். அங்கிருந்து கடைசிச் சொல்லான ‘கையே’யில் பொட்டியும் குரல்களும் முழு பலத்தோடு வந்து இறங்கவேண்டும்.

மேற்கத்திய இசையில் இதையெல்லாம் இத்தாலிய மொழியில் எழுதுவார்கள். எங்கள் பாடகர்களில் ஒருவர் செவிலியர், ஒருவர் பேருந்து நடத்துநர், இருவர் பால் டிப்போவில் வேலை. இத்தாலி எதற்கு என்று நானே தமிழில் எழுதினேன். பலமாகப் பாட வேண்டிய இடத்தில் ‘சத்தமா’. தணிக்க வேண்டிய இடத்தில் ‘மெதுவா’. சந்தோஷமாக இருந்தது. இதை ஒரு புரட்சி என்றுகூட என் மனைவியிடம் சொன்னேன். அவள் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வேலை இருந்தது. சித்தூர்ப் பக்கம் நிறையப் பேருக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் பேசுவார்கள், தமிழில் திட்டுவார்கள், தமிழில் அழுவார்கள். படிக்கத் தெரிந்தது தெலுங்கு எழுத்து மட்டும்தான். ஒன்பதரை மணிக் குழுவில் அத்தனை பேரும் அப்படி. அவர்களுக்காகத் தமிழ்ப் பாட்டைத் தெலுங்கு எழுத்தில் படியெடுக்கவேண்டும். அதை இரண்டு எழுத்தும் தெரிந்த அந்தக் குழுவின் தலைவியே செய்துவிடுவார். ஜில்லா பரிஷத் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சராக இருந்தவர். அளவுகோல் இல்லாமல் அடிக்கோடு போடமாட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பாடகர்களைப் ‘பசங்க’ என்பார். அவர்களும் எழுந்து நிற்பார்கள்.

ஏழு மணிக் குழுவுக்கு ஞாயிறுகளில் நான் கற்றுக்கொடுத்தேன். டீச்சரின் குழு புதன்கிழமை சாயங்காலம்தான் கூடும். அப்போது நான் திருப்பதியில் பள்ளியில் இருப்பேன். அதனால் ஒவ்வொரு குரலுக்குமான ஸ்வரங்களை மட்டும், வேகமும் சத்தமும் காட்டாமல், தனியாக வாசித்துப் போனில் அனுப்பினேன். ஒருநாள் டீச்சர் அழைத்தார்.

“மாஸ்டரு, ஒரு புதன்கெழம நீங்க வந்து கேட்டுட்டு போனீங்கன்னா நல்லாருக்கும். பசங்க பாடறது சரியா தப்பான்னு தெரியணும் இல்ல.”

“எல்லாம் தாள்ல இருக்கு டீச்சர். எழுதினபடி பாடினா போதும்.”

“எழ்தனபடிதான் பாடறோம்” என்று போனை வைத்தார்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை இரண்டு குழுக்களுக்கும் சேர்த்து ஒத்திகை வைத்தேன். தேதி நான் குறித்ததுதான். திருப்பதியில் இத்தனை வருடம் குடியிருப்பவன் அன்று பிரம்மோற்சவத்தில் கருட சேவை நாள் என்பதைக் கவனித்திருக்கவேண்டும். வீட்டை விட்டு இறங்கினால் தெருவெல்லாம் தலைகள். பேருந்து நிலையம் இருக்கும் திசைக்கு ஒரு தெருகூடத் திறந்திருக்கவில்லை. என் தலையைப் பார்த்த பக்தர்கள் பலர் அன்போடு எனக்கு வழிவிட்டார்கள், ஆனால் மலைப்பக்கமாக. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கே திரும்பிவந்தேன். சித்தூரில் எல்லோரும் வந்து காத்திருந்தார்கள். நாங்களே சேர்ந்து ஒரு தடவை பாடிப் பார்க்கட்டுமா என்று டீச்சர் போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். முதல்முறை இரண்டு குழுவும் சேர்ந்து பாடுவதை நான் இல்லாமல் யாரும் கேட்டுவிடக் கூடாது என்று ஒரு ஆசை. பெருமை என்றும் சொல்லலாம். வந்தவர்கள் போண்டா துன்னுட்டுக் கலைந்து போனதாகத் தகவல் வந்தது.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. தூண்களில் கரும்பு கட்டியிருந்தது. பீடத்தின் படிகளில் பூசணி, வாழைத்தார், தேங்காய், நெல் மூட்டை, மாங்காய் ஊறுகாய் ஜாடிகள். எல்லாம் சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்தவை, ஆராதனை முடிந்ததும் ஏலம் போகிறவை. கால் கட்டிய சேவல் ஒன்று படியோரம் உட்கார்ந்து என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. பிரசங்கம் முழுக்க நடுநடுவே கூவியது. என் மனைவி இரண்டாவது வரிசையில். செயலாளர் எப்போதும்போல ஓரத்து நாற்காலியில், எல்லா முகங்களும் தெரிகிற கோணத்தில்.

ஏழு மணிக் குழு எனக்கு இடப்பக்கம் நின்றது, டீச்சரின் குழு வலப்பக்கம். நான் மிதிக்க ஆரம்பித்தேன். ‘மண்ணே’ வந்தது. என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் எழுதிய ஒன்று ஒத்திகையாக இல்லாமல் ஒரு சபையின் முன்னால், இருபத்துச் சொச்சம் வாய்களிலிருந்து வந்தது. உரசல்கள் எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் உரசின. ‘மழையே’ இன்னும் நன்றாகப் பெய்தது. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். ‘மெதுவா’ என்ற என் கையெழுத்து கண்ணில் பட்டது.

இடப்பக்கம் அப்படியே குரலைத் தணித்தது. வேகம் மாறவில்லை, சத்தம் மட்டும் இறங்கியது. அற்புதம் என்று நினைத்த அதே நொடி வலப்பக்கத்தில் வேறேதோ நடந்தது. அங்கே சத்தம் குறையவே இல்லை. ‘க…’ என்று தொடங்கினார்கள், அங்கேயே நின்றார்கள். இடப்பக்கம் ‘கதிரே’ என்று முடித்து அடுத்த ‘கதிரே’வைத் தொடங்கியபோது வலப்பக்கம் ‘தி’க்கு வந்திருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் வாய்கள் சின்னச் சின்னதாகத் திறந்து மூடின; மறு பக்கம் வாய்கள் ஆ என்று திறந்தபடி நின்றன. டீச்சரின் கை மட்டும் மேசையில் தட்டுவதுபோல ஒழுங்காக ஏறி இறங்கியது, ஒன்றுக்கு இரண்டாக.

அதிர்ச்சியில் என் கால்கள் நின்றுவிட்டன. பொட்டி இரண்டு மூச்சு இழுத்துவிட்டு அமைதியாகிவிட்டது. மறுபடி மிதித்தால் எந்தப் பக்கத்தோடு சேருவது? இடத்தோடு சேர்ந்தால் வலம் தனியாகும்; வலத்தோடு சேர்ந்தால் இடம் தனியாகும். இருபது வருட அனுபவமுள்ள ஆர்கன் வாசிப்பாளன் இந்த நெருக்கடியில் என்ன செய்தான் என்றால், கைகளைக் கட்டைகளின் மேல் வைத்துக்கொண்டு, இந்த அமைதியும் எழுதப்பட்டதுதான் என்பதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டான். முதுகில் வியர்வை ஓடியது. முதுகுதான் சபைக்குத் தெரியும்.

இடப்பக்கம் சீக்கிரமே பகுதியை முடித்துவிட்டது. வலப்பக்கம் பாதியில் இருந்தது. இனி என்ன என்று இடப்பக்கத்தின் முதல் குரலான செவிலியர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். என் முகத்தில் உதவி எதுவும் இல்லை. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. காணிக்கைப் பை சுற்றி முடியும் முன்பே பாட்டு முடிந்துவிட்டால், யாரும் சொல்லாமலே பாடகர்கள் அதே சரணத்தை மறுபடி எடுப்பார்கள். செவிலியருக்கு வேறு வழி தெரியவில்லை, முதலிலிருந்து எடுத்தார். இடப்பக்கம் அவரோடு சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் நான் கேட்க ஆரம்பித்தேன். அடியில் டீச்சரின் குழு அசையாமல் அகலமாக நின்றது. அதன் மேலே மற்றவர்கள் மிகச் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ராகம்தான், தன் மேலேயே தான் இரண்டு விதமாக நடந்துகொண்டிருந்தது. நான் எழுதாத உரசல்கள் வந்தன. நான் எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருக்கக் கூடிய உரசல்கள். வலப்பக்கம் மிகச் சரியாகப் பாதி வேகத்தில் பாடியதால், இடப்பக்கம் இரண்டாம் சுற்றை முடிக்கவும் வலப்பக்கம் முதல் சுற்றை முடிக்கவும் சரியாக இருந்தது. வெறியோடு மிதித்தேன். எல்லோரும் ஒரே நொடியில் ‘கையே’யில் இறங்கினோம்.

சபை அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ ஒரு பெரியவர், “ஆமென்” என்றார். சேவல்கூட வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கும் முன் அவர் நேராக என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், இத நீயா எழ்தன?”

“ஆமாம்.” அவர் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் சொல்லிவிட்டது.

“சாயங்காலம் கமிட்டி கீது. எழ்திடறேன்” என்று போய்விட்டார். என் மனைவி வந்து நின்றாள். இதில் கை வைக்காதே, ரீவொர்க் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாழைத்தார் ஏலத்தைப் பார்க்கப் போனாள். அவள் போன பின்னால் டீச்சர் தன் தாளோடு வந்தார். மூன்றாவது பகுதியின் மேல், அளவுகோலால் போட்ட அடிக்கோட்டோடு, தெலுங்கில் ‘நிதானங்கா’ என்று எழுதியிருந்தது.

“நீங்க தமிழ்ல மெதுவான்னு போட்டிருந்தீங்க. பசங்களுக்கு வெளங்கணும்னு நான் நிதானங்கான்னு எழ்தனேன். ஒரு தட்டு இருக்கற எடத்துல ரெண்டு தட்டு. கணக்கு கரெக்டா வந்துச்சி இல்ல?”

தலைக்குள் மணி அடித்தது. மெதுவாகப் பேசு என்கிறோம். சத்தத்தைக் குறை என்று பொருள். மெதுவாகப் போ என்கிறோம். வேகத்தைக் குறை என்று பொருள். வாய்க்கும் காலுக்கும் தமிழில் ஒரே சொல். ஒத்திகைகளில் நான் கத்திக் கத்திப் பழக்கியிருந்ததால் இடப்பக்கத்துக்கு அது சத்தம் என்று தெரியும். டீச்சரிடம் அதற்கு இருந்தது தாள் மட்டும். எல்லாம் தாளில் இருக்கிறது என்று சொன்னவன் நான். இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த இத்தாலிக்காரனைத் தூக்கி எறிந்துவிட்டுப் புரட்சி என்றவனும் நானே.

“கரெக்டா வந்துச்சு டீச்சர்” என்றேன்.

“அப்பறம் அந்தப் பக்கம் ஏன் அவ்ளோ அவசரமா பாடினாங்கோ? நடுவுல மறுபடி வேற ஆரம்பிச்சாங்கோ. பரவால்ல, நான் ஒண்ணும் கேக்கல” என்று பெருந்தன்மையோடு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். தீர்மானம் எனக்குச் சாதகமாக எழுதப்படப்போகிறது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். அடுத்த வருடம் நான் எழுதுவதை எழுதினபடியே எல்லோரும் பாடினால், செயலாளர் மறுபடி வேலூருக்கு ஆள் அனுப்புவார். நேர்மை என்று சொல்லமாட்டேன், முன்யோசனைதான். ஏலம் நடக்கும் இடத்துக்குப் போனேன். அவர் ஒரு பூசணிக்காயைக் கையில் ஏந்தி நின்றார். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன்: மெதுவா, நிதானங்கா, நின்றுபோன கால்கள், செவிலியர் எடுத்த இரண்டாவது சுற்று.

“நீ நெனச்சபடியே பாடியிருந்தா எப்டி இருந்திருக்கும்?”

“ரெண்டு பக்கமும் ஒண்ணா, சத்தம் கம்மியா பாடியிருப்பாங்க.”

“அது இத்தவிட நல்லாருந்திருக்குமா?”

இந்தக் கேள்விக்கு ஒரு இசையமைப்பாளன் உண்மை சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது இசையமைப்பாளர்களுக்குத்தான் தெரியும். இரண்டு மாவட்டத்திலும் வேறு ஆள் இல்லாததால் யாரிடமும் ஆலோசனை கேட்கவும் முடியவில்லை.

“இருந்திருக்காது” என்றேன்.

அவர் பூசணிக்காயை என் கையில் கொடுத்தார். “எங்க ஆபீஸ்ல ஃபைல யாரு எழ்தனாலும் கையெழ்த்து போட்டவன் பேருதான் நிக்கும். கையெழ்த்து உன்துதான மாஸ்டர்? அப்ப நீதான் எழ்தன. ஆனா ஒண்ணு. தெலுங்கு காபி டீச்சரம்மாதான் எழ்தணும். அதயும் சேத்து எழ்திடறேன்.”

அன்று சாயங்காலம் அப்படியே தீர்மானமானது. வருடத்துக்கு ஒரு சொந்தப் படைப்பு, தெலுங்குப் பிரதி டீச்சரம்மா கையால். நான் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டேன். சூட்கேஸ் இப்போது கட்டிலுக்கு மேல் இருக்கிறது. படுக்க இடம் போதவில்லை என்று வீட்டில் புகார்.

அடுத்த பண்டிகைக்கான பாட்டை எழுதி முடித்ததும், இந்தமுறை ஒரு புதன்கிழமை பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சித்தூர் போனேன். பாடகர் அறையில் டீச்சர் தாள், பேனா, அளவுகோல் எல்லாம் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வரி வரியாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார். இரண்டாவது பக்கத்தில் நிமிர்ந்தார்.

“இங்க மெதுவான்னு போட்டிருக்கீங்க. சத்தமா, வேகமா? எத கம்மி பண்ணணும்?”

உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி எழுதுங்கள் டீச்சர், போன தடவை நன்றாகத்தானே வந்தது என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார்.

“அட்ல காது மாஸ்டரு, அப்டி ஆவாது. ஒரு கணக்குக்கு ரெண்டு விடை இருக்கக் கூடாது. சொல்லுங்க, எழ்தறேன்.”

மனதுக்குள் இரண்டு பக்கத்தையும் நிற்கவைத்துப் பாடவிட்டுக் கேட்டேன். பிறகு, இடப்பக்கத்துக்குச் சத்தம் கம்மி, வலப்பக்கத்துக்கு வேகம் கம்மி, ஒன்றுக்குச் சரியாக இரண்டு தட்டு, இடப்பக்கம் இரண்டு தடவை பாடவேண்டும் என்றேன். அவர் முதல் தாளை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு புதுத் தாள்களை எடுத்து, அளவுகோலை வைத்துக் கோடு போட ஆரம்பித்தார்.